பிறர் மயிர் நம் தலையில் வளருமா?

வழுக்கை விழுந்த ஒருவருக்கு அடர்ந்த முடியுடைய நண்பர் தம் மயிரில் ஒரு பங்கை ஈதல் கூடுமா? நகைப்புக்குரியதெனத் தோன்றும் இவ்வினா, உடல் தன்னையும் பிறரையும் எவ்வாறு பிரித்தறிகின்றது என்னும் பெரிய வினாவில் நம்மைக் கொண்டு சேர்க்கின்றது.

ஒருவரது மயிரை அவர் தலையிலேயே பெயர்த்து நடுதல் இன்று எங்கும் நிகழ்வதே. பிடரியிலிருந்து எடுத்து உச்சியில் நட்ட மயிர் பிடரி மயிரின் இயல்பு மாறாது நிலைத்து வளர்வதை நியூ யோர்க் வைத்தியர் நோர்மன் ஒரென்றைச் 1959இல் வெளியிட்டார். இயல்பு இடத்தைப் பொறுத்ததன்று; மயிர்க்காலைப் பொறுத்தது.

பிறர் மயிர்க்காலாயின் நிலைமை வேறு. அன்னியரின் தோலை ஒட்டினால் உடல் அதனை அழித்துவிடுவதையும், அதே கொடையாளியின் தோலை மறுமுறை ஒட்டினால் இன்னும் விரைவில் அழிப்பதையும் பீற்றர் மெடவார் 1940களில் ஆராய்ந்து விளக்கினார். 1954இல் பொஸ்ரன் நகரில் சிறுநீரகமாற்றுச் சத்திரசிகிச்சை வெற்றியுற்றது, ஈந்தவரும் ஏற்றவரும் ஒத்த இரட்டையராய் இருந்தமையாலேயாம். அத்தகைய இரட்டையரிடையே மயிர்மாற்றமும் இயலும். ஆயின் ஒருவர் வழுக்கையரானால் மற்றவரும் பெரும்பாலும் அவ்வழியே செல்வார் என்பது வேறு கதை!

ஏனையோர் உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை இடையறாது உட்கொள்ள வேண்டும். அவற்றுள் ஒன்றாகிய சைக்ளோஸ்போரின் வேண்டாத இடங்களில் மயிரை வளர்ப்பதுண்டு, சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். தொற்றுநோயும் தோற்புற்றுநோயும் வரும் வாய்ப்பும் மிகும். உயிர் காக்க இவ்வபாயத்தை ஏற்கலாம். அழகுக்காக ஏற்குமாறு கூறும் வைத்தியரை யாம் நல்ல வைத்தியர் என்னோம்.

எனினும் 1999இல் இங்கிலாந்தின் டேர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஹோடா, ரெய்னோல்ட்ஸ் முதலியோர் வியப்பான செய்தியொன்றை வெளியிட்டனர். ஓர் ஆணின் மயிர்க்காலடியை உறைபோற் சூழ்ந்துள்ள கலங்களை, இரத்த உறவில்லாத பெண்ணொருவரின் முன்கைத் தோலில் வைத்தனர். அங்கே புதுமயிர் முளைத்தது. உடல் அதனை வெறுத்து ஒதுக்கவில்லை. ஆயினும் அது இன்னும் வழக்கச் சிகிச்சையாகவில்லை.

இனி ஈவோர் நிலை. திருப்பதியிற் காணிக்கையாகும் முடி ஏலத்திற் போகின்றது; ஆயினும் அதனை ஈந்தவர்க்கு இழப்பில்லை, மீண்டும் வளர்ந்துவிடும். வேரோடு பெயர்த்த மயிர்க்காலோ மீள்வதில்லை. விலை பேச இடமளித்தால், வறியவன் தலை செல்வன் தலைக்கு நாற்றுமேடையாகும். சில கலங்களே போதுமாயின் அவ்வச்சம் பெரிதும் குறையும். சிறுநீரகம் ஏற்று ஏற்கெனவே அம்மருந்துகளை உண்போர்க்கு, உடன்பிறந்தார் மனமுவந்து சில மயிர்க்கால்களை ஈவதாயின், யாம் அதனைத் தடுக்கக் காரணம் காணோம்.