அடுப்பை அணைத்த பிறகும் வேகும் இறைச்சி

லண்டனிலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: “கிறிஸ்துமஸுக்கு மாட்டின் விலா இறைச்சியைத் துண்டு போடாமல் முழுதாக ஓவனில் வைத்தேன். நடுவில் 55 டிகிரி காட்டியதும் வெளியே எடுத்துவிட்டேன். விருந்தினர் வந்து உட்கார்வதற்குள் 61. அடுப்பே இல்லாமல் சூடு எங்கிருந்து வந்தது?”

தெர்மாமீட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். சூடு இறைச்சியிலிருந்தே வந்தது.

220 டிகிரி ஓவனிலிருந்து எடுக்கும்போது மேற்பரப்பு காய்ந்து, நூறைத் தாண்டியிருக்கும். உள்ளே போகப் போகக் குறைந்து, நடுவில் மட்டும்தான் 55. காலை எட்டரை மணி டவுன் பஸ் இப்படித்தான் இருக்கும்: படிக்கட்டில் தொங்கல், நடுவில் தாராளமாக இடம். விசில் ஊதியாயிற்று, இனி யாரும் ஏறப்போவதில்லை. ஆனாலும் “உள்ளே போங்க, உள்ளே போங்க” என்று கூட்டம் நடுவை நோக்கி நகர்ந்துகொண்டேதான் இருக்கும். சிலர் படியிலிருந்து இறங்கியும் விடுவார்கள். அது சமையலறைக் காற்றுக்குப் போகும் சூடு. அலுமினியத் தாளைப் போர்த்தினால் கதவைச் சாத்தியது மாதிரி. வழியை அடைத்து மூட்டையோடு நிற்கும் ஆசாமி கொழுப்பு. சூட்டை லேசில் நகரவிடாது. கண்டக்டர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இறைச்சியில் பெரும்பங்கு தண்ணீர். ஆனால் தசைநார்களுக்குள் சிக்கிய தண்ணீர். குழம்பில் போலச் சுழன்று சூட்டைச் சுமந்து செல்லாது. அணுவுக்கு அணு கைமாறித்தான் சூடு உள்ளே போக வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது, நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதுதான். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. அதே தடிமனில் நீளம் மட்டும் இரட்டிப்பானால் நேரம் பெரிதாக மாறாது. ‘கிலோவுக்கு இத்தனை நிமிடம்’ என்று சமையல் புத்தகங்கள் போடும் கணக்கு ஏன் காலை வாருகிறது என்று இப்போது புரியும்.

வரலாறு இல்லாமல் விடமாட்டீர்கள் என்பதால்: வெப்பம் பரவும் கணிதத்தைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே 1822இல் நூலாக வெளியிட்டார். 1847இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக், கடும் சூடு பட்டால் இறைச்சியின் மேற்பரப்பு இறுகிச் சாற்றை உள்ளே பூட்டிவிடும் என்றார். பூட்டாது. சட்டியில் கேட்கும் ‘ஸ்ஸ்’ சத்தமே சாறு வெளியேறும் சத்தம். இருந்தும் சமையல் நிகழ்ச்சிகளில் லீபிக் இன்னும் உயிரோடிருக்கிறார்.

ஆறு டிகிரிக்கு இவ்வளவு கவலையா? ஆமாம். 60ஐ ஒட்டித்தான் தசையைச் சுற்றிய கொலாஜன் உறை சுருங்கிச் சாற்றைப் பிழிய ஆரம்பிக்கிறது. இறைச்சிக்கு நிறம் தரும் புரதமான மயோகுளோபினின் செந்நிறமும் மங்கத் தொடங்குகிறது. (அது இரத்தம் அல்ல, பயப்பட வேண்டாம்.) அமெரிக்க வேளாண் துறையோ முழு இறைச்சிக்கு 63 டிகிரி, பிறகு 3 நிமிடம் ஆறவிடுதல் என்கிறது; கிருமிகளைக் கொல்லும் வேலை அந்த 3 நிமிடத்திலும் தொடர்கிறது. வீட்டில் கர்ப்பிணிகளோ முதியவர்களோ இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஆறவைத்தால் சாறெல்லாம் ‘திரும்பிப் போய் உட்காரும்’ என்பதை நான் அப்படியே நம்புவதில்லை. ஆறும்போது சாறு சற்றுக் கெட்டிப்படுகிறது; வெட்டும்போது தட்டில் குறைவாக ஓடுகிறது. அவ்வளவுதான்.

வாசகிக்கு விடை: 55 வேண்டுமானால் 49, 50லேயே எடுத்துவிடுங்கள். செயற்கை நுண்ணறிவு என்று பெட்டியில் அச்சிட்ட கம்பியில்லாத் தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம். சாதாரண ஊசித் தெர்மாமீட்டர் போதும். பொறுமை இருந்தால் ஓவனை 110இல் வையுங்கள். ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் குறைவு என்பதால் எடுத்த பிறகு சூடு அதிகம் ஏறாது. மேற்பரப்பு வெளிறித்தான் இருக்கும். பரிமாறும் முன் சில நிமிடம் கடும் சூட்டில் காட்டினால் சிவந்துவிடும். அந்தச் சூடு நடுவரை போய்ச் சேருவதற்குள் வெட்டிவிடலாம்.