28 மி.மீ. சிலுவைப் படை: நைட்டுகளில் இருந்து ஆரம்பிக்காதீங்க

இந்த எபிசோடைப் பதிவு பண்ணும்போது என் மேஜை மேல 42 பேர் வரிசையா நிக்கிறாங்க. ஒருத்தரோட உயரம் என் கட்டைவிரல் நுனியில் இருந்து முதல் மடிப்பு வரைக்கும்தான். 12-ஆம் நூற்றாண்டின் சிலுவைப் போர் வீரர்கள். ஒன்றரை வருஷமா நானே ஒட்டி, நானே பெயின்ட் பண்ணினவங்க. இந்தப் படையை நான் முதல்ல ரொம்பத் தப்பா கட்டினேன். அந்தத் தப்பைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஹிஸ்டாரிகல் வார்கேமிங் என்றால், நிஜமா நடந்த ஒரு போரை எடுத்துக்கிட்டு, ஒரு மேஜையைப் போர்க்களமாக்கி, மினியேச்சர் வீரர்களை டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டி முடிவு பார்ப்பது. செஸ் மாதிரி கட்டங்கள் கிடையாது. இது நேத்து வந்த பொழுதுபோக்கும் இல்லை. எச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு விதிப்புத்தகம் எழுதியிருக்கார். 'டைம் மெஷின்' எழுதின அதே வெல்ஸ்தான்.

நான் விளையாடுவது 'லயன் ராம்பண்ட்'. டேனியல் மெர்சி எழுதி 2014-ல் வந்த விதிகள். ஒரு படைக்கு 24 புள்ளி. குதிரை மேல் வரும் நைட்டுகள் ஆறு பேர் கொண்ட ஓர் அணிக்கு 6 புள்ளி. ஈட்டியோட நடந்து வரும் காலாட்கள் 12 பேருக்கு வெறும் 4 புள்ளி. நீங்க எதை வாங்குவீங்க? நான் யோசிக்கவே இல்லை. நாலு அணி நைட்டுகள், மொத்தம் 24 பேர். எல்லாரும் டெம்ப்ளர்கள். வெள்ளை அங்கி, சிவப்புச் சிலுவை. சினிமாவில் பார்த்தது அப்படியே.

முடிக்க ஏழு மாசம் ஆச்சு. முதல் ஆட்டத்தில் தோற்க முக்கால் மணி நேரம்கூட ஆகலை.

எதிரே உட்கார்ந்தவன் என் காலேஜ் நண்பன். அவன் கையில் சலாஹுத்தீனின் அய்யூபிப் படை, பெரும்பாலும் குதிரை வில்லாளிகள். இந்த விதிகளில் நைட்டுகளுக்கு ஒரு குணம் உண்டு: எதிரி கைக்கெட்டும் தூரத்தில் வந்தால், நீங்க வேண்டாம்னு நினைச்சாலும் அவங்க பாய்ந்துவிடலாம். அவன் கிட்ட வருவான், அம்பு விடுவான், விலகிடுவான். என் ஆட்கள் துரத்துவாங்க. ஒவ்வொரு அணியும் தனித்தனியா சிதறி, தனித்தனியா அழிஞ்சது.

மேஜையைத் துடைக்கும்போது அவன் சாதாரணமா ஒண்ணு கேட்டான். "டேய், இவ்ளோ அழகா பெயின்ட் பண்ணியிருக்க. இவங்க 1099-ல ஜெருசலேம்ல என்ன பண்ணாங்கன்னு படிச்சியா?"

படிக்கலை. அன்னைக்கு ராத்திரிதான் படிச்சேன். 1095-ல் கிளர்மோன்ட் நகரில் போப் இரண்டாம் அர்பன் அழைப்பு விடுத்தார். 1099 ஜூலை 15-ல் சிலுவைப் படை ஜெருசலேமுக்குள் நுழைந்தது. உள்ளே இருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் பெரும் எண்ணிக்கையில் கொன்றது. 88 வருஷம் கழிச்சு, 1187 அக்டோபர் 2-ல், சலாஹுத்தீன் அதே நகரத்தை சரணடைதல் மூலம் வாங்கினார். அங்கே அப்படி ஒரு படுகொலை நடக்கலை. ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 என்று மீட்புப் பணம் நிர்ணயிச்சார். அதைக் கட்ட முடியாமல் அடிமையானவங்களும் ஆயிரக்கணக்கில் இருந்தாங்க. யாரையும் தேவதையாக்க வேண்டியதில்லை.

அவன் கேட்டதுக்கு என்கிட்ட சாமர்த்தியமான பதில் எதுவும் இல்லை. ஒரு முடிவு மட்டும் எடுத்தேன். போஸ்டரில் இருக்கிற படையை விட்டுடுவோம், நிஜமா நடந்து போன படையைக் கட்டுவோம்.

நிஜப் படை எப்படி இருந்தது?

இதுக்கு ரெண்டு போர்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது ஹத்தீன், 1187 ஜூலை 4. ஜெருசலேம் அரசர் கீ தெ லூசிஞானிடம் சுமார் 20,000 பேர் இருந்தாங்க என்பது பொதுவா சொல்லப்படும் கணக்கு. அதில் நைட்டுகள் சுமார் 1,200. அதாவது பதினாறு பதினேழு பேருக்கு ஒருத்தர்தான் நைட். ஜூலை 3 காலையில் அந்தப் படை நீரூற்றுகள் நிறைந்த சஃபூரியாவை விட்டுக் கிளம்பிச்சு. சலாஹுத்தீன் முற்றுகையிட்டிருந்த திபேரியா, கலிலேயாக் கடல் ஓரத்தில், சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. கோடை வெயில், வழி முழுக்க அம்பு. அன்னைக்கு ராத்திரி தண்ணீர் இல்லாத இடத்தில் தங்க வேண்டியதாச்சு. சலாஹுத்தீன் படைக்கோ ஒட்டகங்கள் ஏரித் தண்ணீரைச் சுமந்து வந்துக்கிட்டே இருந்தது. காய்ந்த புல்லுக்குத் தீ வெச்சாங்க. மறுநாள் தாகம் தாங்காத காலாட்கள் வரிசையை விட்டு விலகி, ஹத்தீன் கொம்புகள் என்ற குன்றின் மேல் ஏறிட்டாங்க. குதிரைகளைக் காக்க ஆள் இல்லை. நைட்டுகளின் கதை அங்கேயே முடிஞ்சது.

ரெண்டாவது அர்சூஃப், 1191 செப்டம்பர் 7. இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்ட், ஏக்கர் என்ற துறைமுகத்தில் இருந்து (நிலம் அளக்கிற ஏக்கர் இல்லைங்க) கடலோரமாகவே யாஃபாவை நோக்கி நடந்தார். பக்கத்திலேயே கப்பல்கள் உணவு கொண்டுவந்தது. குதிரைகளுக்கும் எதிரிக்கும் நடுவில் சுவர் மாதிரி காலாட்கள். அவங்களில் ஒரு பாதி சண்டை போட, மறு பாதி கடல் பக்கம் மூட்டைமுடிச்சோடு நடந்து இளைப்பாறும், அப்புறம் இடம் மாறிக்குவாங்க. சலாஹுத்தீனோடு கூடவே இருந்த பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கார்: முதுகில் பத்து அம்பு வரை குத்தி நிற்க, கலையாமல் நடந்து போனாங்களாம். கடைசியில் பின்வரிசை ஹாஸ்பிடலர்கள் உத்தரவுக்கு முன்னாடியே பாய்ந்துட்டாங்க. அந்தப் பாய்ச்சல் ஜெயிச்சது. காரணம், குதிரைகள் அதுவரைக்கும் உயிரோடு இருந்ததுதான்.

இதைப் படிச்சதும் என் ஷெல்ஃபைப் பார்த்தேன். 24 நைட்டுகள், ஒரு காலாள்கூட இல்லை.

புதுப் பட்டியல் இது: நைட்டுகள் 12, ஈட்டிக் காலாட்கள் 12, குறுக்குவில் வீரர்கள் 12, டர்கோபோல்கள் 6. கடைசியில் சொன்னவங்க உள்ளூரிலேயே சேர்க்கப்பட்ட இலகு குதிரைப்படை. இந்தப் பட்டியலிலும் நிஜத்தை விட நைட்டுகள் அதிகம்தான். விளையாட்டுக்காக அவ்வளவு விட்டுக்கொடுத்தேன்.

பெயின்டிங்: மேஜைக்குப் போகலாம்

வார்ப்புக் கோடுகளைக் கத்தியால் சுரண்டிட்டு, சோப்புத் தண்ணியில் கழுவிக் காயவிடுங்க. அடுத்தது கறுப்பு பிரைமர். சென்னை மழைக்காலத்தில் ஸ்ப்ரே அடிச்சால் பவுடர் பூத்த மாதிரி ஆயிடும். அந்த மாசங்களில் பிரஷ்ஷால் பூசுங்க.

சங்கிலிக் கவசம் பார்க்கத்தான் பயமா இருக்கும், உண்மையில் அதுதான் சுலபம். அடர் உலோக நிறத்தை பிரஷ்ஷில் எடுத்து, டிஷ்யூவில் கிட்டத்தட்ட முழுசா துடைச்சிட்டு, மேலோட்டமா தேய்ங்க. வளையங்களின் மேடு மட்டும் மினுங்கும், பள்ளம் கறுப்பாவே நிக்கும்.

காலாட்கள் போட்டிருப்பது பஞ்சும் துணியும் அடைச்சுத் தைத்த மெத்தை அங்கி. மங்கிய மஞ்சள், சாம்பல், பழுப்பு என்று ஆளுக்கு ஒரு நிறம் கொடுங்க, மேலே நீர்த்த பழுப்பு வாஷ். யூனிஃபார்ம் இல்லாத காலம் அது. பழைய பிரஷ்ஷின் முடியை வெட்டி, பசை தொட்டு, அந்த அங்கிகளில் செருகினேன். அர்சூஃபின் அம்புகள்!

வெள்ளைக்கு வெள்ளையில் ஆரம்பிக்காதீங்க. வெளிர் சாம்பல் அடிச்சு, மடிப்புகளின் மேட்டில் மட்டும் வெள்ளை. சிலுவை கோணலாயிட்டால் பதறாதீங்க, ஓரத்தை வெள்ளையால் வெட்டிச் சரிபண்ணலாம். யாருக்கு எந்த நிறம்னு கவனிங்க. டெம்ப்ளர்களுக்கு சிவப்புச் சிலுவை கிடைச்சது 1147-ல்தான். டெம்ப்ளர் சார்ஜென்ட்டுகளுக்கு கறுப்பு அல்லது பழுப்பு. ஹாஸ்பிடலர்களுக்கு அப்போ கறுப்பு அங்கியில் வெள்ளைச் சிலுவை. 1188-ல் மூன்றாம் சிலுவைப் போருக்குக் கிளம்பினவங்க பேசி வெச்சுக்கிட்டது: பிரெஞ்சுக்காரங்க சிவப்பு, ஆங்கிலேயர் வெள்ளை, ஃபிளாண்டர்ஸ் ஆட்கள் பச்சை.

பேஸுக்கு பசை, மணல், காய்ந்த புல். என் முதல் 24 பேரும் பச்சைப் புல்வெளியில் நின்னாங்க. ஜூலை மாசத்துக் கலிலேயாவில் பச்சை ஏது? எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு வைக்கோல் நிறத்துக்கு மாத்தினேன்.

இப்போ ஹத்தீனை விளையாடும்போது நாங்க ஒரு விதி சேர்த்துக்கிட்டோம். என் படை ஜெயிக்க எதிரியைக் கொல்லத் தேவையில்லை, மேஜையின் மறுமுனையில் இருக்கிற ஊற்றைத் தொட்டால் போதும். தொடாத அணிக்கு மூணு ரவுண்டுக்கு ஒரு தடவை ஒரு பகடை குறையும். நாலு தடவை ஆடியாச்சு, ஒரு தடவைதான் போய்ச் சேர்ந்தேன். அதுவும் காலாட்களை விட்டு விலகாமல் நடந்ததால்.

நீங்க ஆரம்பிக்கிறதா இருந்தால், முதல் பெட்டி காலாட்களாவே இருக்கட்டும். கை பழகும், தப்பும் தெரியாது. 12 பேரை முடிச்சுட்டு நைட்டுகளிடம் போங்க.

என் மேஜையில் 43-வதா ஒண்ணு காஞ்சுக்கிட்டிருக்கு. தண்ணீர்த் தோல்பைகள் ஏற்றின ஒட்டகம். அது என் படைக்கு இல்லை, அவனோட படைக்கு. சனிக்கிழமை வரும்போது கொடுக்கணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.