ஆள்காட்டி கத்தினால் நின்றுவிடுங்கள்

வெஸ்ட்மீட் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பறவையைத் தெரியாமல் இருக்காது. மஞ்சள் முகம், நீண்ட கால். விளையாட்டு மைதானத்தின் நடுவிலும் கார் தரிப்பிடத்துப் புல்லிலும் முட்டையிட்டுவிட்டு, கிட்டப் போகிறவர்களின் தலைக்கு மேலால் கத்திக்கொண்டு பாயும். இங்கே பிறந்த பிள்ளைகள் 'ப்ளவர்' என்பார்கள். ஊரில் வயல்வெளியில் நாங்கள் கண்ட ஆள்காட்டியின் ஒன்றுவிட்ட சகோதரம்தான் இது. ஆள் வருகுது என்று காட்டிக்கொடுப்பதால் அந்தப் பெயர்.

இதுவும் கரைப்பறவைதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் வாய்க்காரி இவள். மற்றவற்றில் பல, கிட்டப் போனால் சண்டைக்கு வராது. எழும்பிப் போய்விடும், அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது எனக்குத் தெரிய வருடங்கள் எடுத்தன.

புதிதாக 600 மில்லிமீற்றர் லென்ஸ் வாங்கியிருந்த காலம். மார்ச் மாதக் கடைசியில் ஒரு காலை, மகளையும் கூட்டிக்கொண்டு பொட்டனி குடாவுக்குப் போனேன். பெருக்கு ஏறி, மணல்திட்டில் பட்டைவால் மூக்கன்கள் ஒற்றைக்காலில் நின்று உறங்கிக்கொண்டிருந்தன. இன்னும் பத்து அடி, இன்னும் பத்து அடி என்று நடந்தேன். முழுக்கூட்டமும் எழும்பியது. எனக்குக் கிடைத்தது கலங்கிப்போன ஒரு படம்.

"அப்பா, நீங்கள்தான் கலைச்சனீங்கள்" என்றாள் மகள்.

"திரும்பி வரும் பிள்ளை" என்றேன். வரவில்லை.

மூக்கனின் கணக்கைப் பாருங்கள். 2022 ஒக்டோபரில், பிறந்து ஐந்து மாதமேயான ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவில் புறப்பட்டு, 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீற்றர் பறந்து தஸ்மேனியாவில் வந்து இறங்கியது. முதுகில் பொருத்திய செய்மதிக் கருவி வழி முழுதையும் பதிவு செய்தது. இந்தப் பறவைக்கு வாத்துக்கு இருப்பதுபோல் சவ்வுக்கால் இல்லை, கடலில் இறங்கி இளைப்பாற முடியாது. அலாஸ்காவில் புறப்படும்போது உடல் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்புத்தான். அந்தச் சுமைக்கு ஈடாக, பறக்கும்போது தேவையில்லாத குடலும் இரைப்பையும் சுருங்கிவிடும்.

செப்டெம்பரில் இருந்து இங்கே வந்து சேருகிறவை, மார்ச், ஏப்ரலில் திரும்பவும் வடக்கே போகவேண்டும். முதல் தரிப்பிடமான மஞ்சள் கடலே 8,000 கிலோமீற்றருக்கு அப்பால். அங்கும் நிலைமை நல்லதில்லை. தென்கொரியாவின் சேமங்கம் கழிமுகத்தை மறித்து 33 கிலோமீற்றர் நீளத்துக்கு எழுப்பிய கடற்சுவர் 2006இல் மூடப்பட்டபோது, எத்தனையோ பறவைகள் இரைதேடிய சேற்றுநிலம் போய்விட்டது. ஆகவே இங்கே தின்று சேர்க்கிறதுதான் கைச்செலவுக்காசு. நான் மகளோடு போனது அந்தக் காசைச் சேர்க்கிற மாதத்தில். ஒருமுறை எழுப்பினால் கொஞ்சக் கொழுப்புத்தான் போகும். ஆனால் அன்றைக்கு அந்தக் கரைக்கு வந்தவன் நான் ஒருவனா? நாய், பட்டம், ட்ரோன், என்னைப்போல இன்னும் நாலு கமராக்காரர்.

டிசெம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்லவேண்டும். மன்னார்ப் பாலத்துக்கு முன்னால் வரும் வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம். அங்கே வருகிற கருவால் மூக்கன்கள் மத்திய ஆசியப் பாதையால் வருபவை. எங்கள் சிட்னிப் பறவைகளின் பாதை வேறு, பாடு ஒன்று. வானை நிறுத்தி, கூட்டம் பறக்கிற வீடியோ வேண்டுமென்று கைதட்டி, ஹோர்ன் அடித்து எழுப்புகிறவர்களை அந்தத் தெருவில் கண்டிருக்கிறேன். சின்ன வயதில் கெற்றப்போலோடு திரிந்த எங்களுக்கு அந்த ஆசை இன்னும் கையில் கிடக்குது போல.

அப்ப எப்படிக் கிட்டத்தில் எடுக்கிறது? நீங்கள் கிட்டப் போகக்கூடாது. அது வரவேண்டும்.

வெஸ்ட்மீட்டில் இருந்து லேசான இடம் சிட்னி ஒலிம்பிக் பார்க்கின் நீர்ப்பறவைப் புகலிடம். ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் மாறி கொன்கோர்ட் வெஸ்ட்டில் இறங்கினால் நடக்கிற தூரம். மறைவிடம் கட்டியிருக்கிறார்கள், உள்ளே இருந்தால் பறவைக்கு உங்களைத் தெரியாது. பவளக்காலியும் கோணமூக்கு உள்ளானும் பார்க்கப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

வடகரையில் கொலரோய்க்குப் பக்கத்து லோங் ரீஃப் பாறைத்தளத்துக்கு ஒரு மணித்தியாலம் கார் ஓடவேண்டும். அங்கே பெருக்குத்தான் உங்கள் கூட்டாளி. உச்சப் பெருக்குக்கு இரண்டு மணித்தியாலம் முந்திப் போய், சூரியன் முதுகுப் பக்கம் இருக்க, கரைப்பக்கமாகப் படுத்துவிட வேண்டும். இருந்தால் போதாது, வயிறு பாறையில் படப் படுக்கவேண்டும். நிமிர்ந்த மனிதன்தான் பறவைக்குப் பயம். படுத்தால் லென்ஸும் அதன் கண்மட்டத்துக்கு வரும், பின்னணியும் மெழுகிவிட்டது போலாகும். தண்ணீர் ஏற ஏற, கல்திருப்பி உள்ளான்கள் தின்றபடியே பின்வாங்கி உங்களை நோக்கி வரும். வெளியேறும் வழியைத் தண்ணீர் மறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அலை யாருக்கும் சொந்தமில்லை.

ஆள்காட்டி வாயால் சொல்வதை இவை உடம்பால் சொல்லும். தின்பது நிற்கும். தலைகள் உயரும். எல்லாம் ஒரே பக்கம் நடக்கத் தொடங்கும். அப்போது கமராவை இறக்கிவிட்டு அசையாமல் கிடக்கவேண்டும், இல்லாவிட்டால் மெல்லப் பின்னால் ஊர்ந்து போகவேண்டும். படம் போனால் போகட்டும்.

போன மாசியில் மகளும் நானும் அப்படிக் கிடந்தோம். முழங்கை எரிந்தது, சேர்ட் முழுக்க உப்புத்தண்ணீர். ஒரு கல்திருப்பி, பாசியைப் புரட்டிப் புரட்டித் தின்றுகொண்டு வந்தது. ஐந்து மீற்றர். மூன்று. பிறகு இன்னும் கிட்ட வந்தது. என்ர லென்ஸுக்கு அந்தத் தூரத்தில் குவியம் பிடிக்காது. திரையில் வெறும் செம்மண் நிறப் புகை. நான் கமராவை விட்டுவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், சத்தம் வராமல். அது எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்த ஒரு சிப்பியைத் திருப்பிப் போட்டுவிட்டு, தன்பாட்டில் நடந்து போனது.