ஜீப்பு எப்படி மூச்சு விடுகிறது?

மூக்கைப் பொத்திக்கொண்டு நம்மால் எவ்வளவு தூரம் ஓட முடியும்? பள்ளி கேட்டைக்கூடத் தாண்ட முடியாது. ஜீப்பும் அப்படித்தான். டீசல் ஊற்றினால் ஓடும் என்று நினைக்கிறோம். ஆனால் அது டீசலைவிடக் காற்றைத்தான் அதிகம் சாப்பிடுகிறது. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய சுமார் பதினாலரைக் கிலோ காற்று வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். நம் மலை ஜீப்புகள் பலவற்றில் இருப்பது சுமார் 2500 சி.சி. இன்ஜின், அதாவது இரண்டரை லிட்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை அவ்வளவு காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் 2500 லிட்டர். 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி இரண்டரைத் தொட்டி காற்று, ஒரே நிமிடத்தில்!

காற்று போகிற வழியில் ஏர் ஃபில்டர், புகை வருகிற வழியில் சைலன்சர். இந்த இரண்டையும் கழற்றிவிட்டு வேறு வாங்கி மாட்டுவதுதான் இப்போது அண்ணன்மாருக்கு ஆசை. என் சித்தப்பா போடியில் ஒரு பட்டறையில் மெக்கானிக். லீவு நாளில் நான் அங்கே போவேன். “சவுண்டு வந்தாத்தான பவரு வரும்?” என்று கேட்காத ஆளே இல்லை. சித்தப்பா, “சவுண்டு ஏறும் தம்பி, மேடு ஏறுமான்னு பாரு” என்பார்.

முதலில் மூக்கு. மலைப்பாதையில் முன்னால் ஒரு ஜீப்பு போனால் பின்னால் வருகிற ஜீப்பு புழுதியைத்தான் குடிக்கும். அந்தப் புழுதியில் இருக்கும் கல்தூள் இரும்பையே கீறும். அது உள்ளே போனால் சிலிண்டரும் பிஸ்டன் ரிங்கும் அம்மியில் அரைத்த மாதிரி தேயும். அப்புறம் இன்ஜின் ஆயிலைக் குடித்து நீலப் புகை விடும். பழைய ஜீப்புகளில் இதற்கு ஆயில் பாத் ஃபில்டர் உண்டு. அடியில் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் இருக்கும். காற்று அதன் மேல் திரும்பும்போது தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தேய்த்த தலையோடு ரோட்டில் நடந்தால் நமக்கு ஆவதுதான்!

இதை எடுத்துவிட்டு சிலர் பெட்டியே இல்லாத கூம்பு ஃபில்டரை பானெட்டுக்குள் மாட்டுகிறார்கள். பார்க்க அழகு. ஆனால் அது இன்ஜின் பக்கத்துச் சூடான காற்றை இழுக்கிறது. சூடான காற்று லேசானது, அதில் ஆக்சிஜன் குறைவு. ஏற்கெனவே உயரம் போகப் போகக் காற்று மெலியும். 7000 அடியில் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கொழுக்குமலை மாதிரி இடத்துக்கு ஏறும் வண்டிக்குச் சூடான காற்றையும் கொடுத்தால் அது எங்கே ஏறும்? டர்போ இல்லாத டீசல் இன்ஜினில் வழியை மட்டும் அகலமாக்கினால் பெரிய லாபம் இல்லை. அதே டீசல்தானே எரிகிறது!

எனக்குப் பிடித்தது ஸ்நார்க்கல். யானை தண்ணீருக்குள் போகும்போது தும்பிக்கையை மட்டும் மேலே தூக்கிக்கொள்ளும் அல்லவா, அதேதான். கண்ணாடி ஓரமாக ஒரு குழாய் கூரை வரை போய் மேலேயிருந்து காற்றை எடுக்கும். அங்கே புழுதியும் குறைவு. பெரிய வேலை தண்ணீரில்தான். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஓடும் இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடே வளைந்துவிடும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நின்றுபோன கார்களை “மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று சொன்னது இதனால்தான்.

ஸ்நார்க்கல் மாட்டினால் மட்டும் போதாது. குழாய் இணையும் ஒவ்வொரு இடத்திலும் கிளிப்பை இறுக்கி சீல் செய்ய வேண்டும். ஃபில்டர் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதை மறந்தால் கூரை வரை குழாய் வைத்தும் வீண். சித்தப்பா மாட்டி முடித்ததும் இன்ஜினை ஐடிலில் விட்டு, குழாயின் வாயைப் பலகையால் மூடுவார். இன்ஜின் திணறி நின்றால் சரி. ஜாலியாக ஓடிக்கொண்டே இருந்தால் எங்கேயோ வேறு வழியாகக் காற்றை எடுக்கிறது என்று அர்த்தம்.

இனி சைலன்சர். உள்ளே அறை அறையாக, ஓட்டை போட்ட குழாய்கள் இருக்கும். சத்தம் அதில் மோதி மோதி அடங்கும். அறைகளை எடுத்துவிட்டால் புகை சுலபமாகப் போகும், உண்மைதான். டர்போ வண்டிக்குக் கொஞ்சம் பலனும் உண்டு. ஆனால் சத்தம் ஏறுகிற அளவுக்குப் பலம் ஏறாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டியில் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளும் சென்சார்களும் அந்தக் குழாயிலேயே இருக்கின்றன. அதை வெட்டினால் டேஷ்போர்டில் லைட் எரியும், புகையும் அப்படியே வெளியே வரும்.

மாட்டும்போது இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். துருப்பிடித்த நட்டை முறுக்கி உடைக்காமல் எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்ற வேண்டும். இன்ஜினோடு சேரும் இடத்தில் பழைய பேக்கிங்கை மறுபடி போடவே கூடாது. குழாய் டீசல் டியூபுக்கும் பிரேக் ஹோஸுக்கும் பக்கத்தில் போகக் கூடாது. தொங்கவிடும் ரப்பரும் நல்லதாக இருக்க வேண்டும்.

ஆனால் நான் இந்தக் கட்டுரை எழுதியதே குழாயின் கடைசி முனைக்காகத்தான். எங்கள் அம்மா ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப்பில் மலைக்குப் போகிறார்கள். பின்னால் உட்கார்ந்து வருகிற எல்லோரும் பெண்கள்தான். ஒரு வண்டியில் சத்தத்துக்காக சைலன்சரை வெட்டி, குழாயை சீட்டுக்கு அடியிலேயே முடித்துவிட்டார்கள். அந்த வண்டியில் போன நாளெல்லாம் அம்மாவுக்குத் தலைவலி, கண் எரிச்சல். “மலைக்காத்து ஒத்துக்கலடி” என்று அம்மா சொல்வார்கள். மலைக்காற்று என்ன செய்தது பாவம்! ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். புழுதி உள்ளே சுழன்று வருவது அதனால்தான். குழாய் பாதியில் நின்றால் புகையும் அதே வழியில் வரும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக அது ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். டீசல் புகையில் அது பெட்ரோலைவிடக் குறைவுதான். ஆனால் டீசல் புகையே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துவிட்டது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம் போடலாம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பள்ளியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். நம் ரோட்டில் போகும் ஜீப்புகளுக்கு இது தெரியுமோ என்னவோ!

உங்கள் வீட்டிலும் யாராவது ஜீப்பில் மலைக்குப் போனால் ஏறுவதற்கு முன் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். குழாயின் வாய் வண்டியின் பின் விளிம்பைத் தாண்டி வெளியே இருக்கிறதா? இணைப்புகளைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா? கரி இருந்தால் அங்கே புகை கசிகிறது. கசிவுக்கு ஒரு புது பேக்கிங் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். குட்டைக் குழாய்க்கு ஒரு முழக் குழாயை வெல்டு வைக்க வேண்டும், அரை மணி நேர வேலை என்கிறார் சித்தப்பா.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி