கதவில்லாத மின்னுயர்த்தி



கண்டி மாநகரின் அலுவலகங்களிலும் வணிக வளாகங்களிலும் மின்னுயர்த்தியில் ஏறாதவர்கள் நம்மிடையே குறைவு. கதவு மூடும் வேளையில் ஒருவர் ஓடிவரக் கண்டால், சிலர் பொத்தானை அழுத்திக் காத்திருப்பர். சிலர் காணாதவர்போல் மேலே சென்றுவிடுவர். நம் உள்ளத்தின் நிலையைக் காட்ட அந்தச் சிறு கதவே போதும்.

கதவே இல்லாத மின்னுயர்த்தியும் உலகில் உண்டு. அதன் பெயர் 'பாட்டர் நோஸ்டர்'. இலத்தீன் மொழியில் 'எங்கள் தந்தை' என்பது அதன் பொருள். ஆம், ஆண்டவர் இயேசு கற்பித்த செபத்தின் தொடக்கச் சொற்களே ஒரு பொறிக்குப் பெயராயின! 1860களில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பீட்டர் எல்லிஸ் என்னும் கட்டடக் கலைஞர் இவ்வமைப்புக்கு வழிகோலினார். பின்னர் ஹம்பர்க், பிராக் போன்ற நகரங்களின் அலுவலகங்களிலும் இது இடம்பெற்றது. முடிவற்ற சங்கிலியில் கோக்கப்பட்ட சிறு அறைகள் ஒருபுறம் ஏறியும் மறுபுறம் இறங்கியும் நில்லாது சுழல்கின்றன. மெதுவாக வரும் அறைக்குள் நாமே அடியெடுத்து வைக்க வேண்டும். செபமாலை மணிகளைப்போல் அறைகள் தொடர்ந்து வருவதாலேயே இப்பெயர் வழங்கலாயிற்று.

பொறிக்குக் கதவு தேவை. விபத்துகளுக்கு அஞ்சி, மேற்கு ஜெர்மனி 1974ஆம் ஆண்டு முதல் இத்தகையவற்றைப் புதிதாக அமைப்பதைத் தடை செய்தது. ஆனால் அந்தச் செபத்துக்குக் கதவு கிடையாது. அதில் 'என் தந்தை' என்ற சொல்லே இல்லை. தந்தை, அன்றாட உணவு, மன்னிப்பு ஆகிய அனைத்தும் 'எங்களுக்கு' உரியவை. ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு அதனைச் செபிக்க இயலாது.

இதனை வாழ்ந்து காட்டியவர் நம் கண்டி மண்ணில் நடமாடிய புனித யோசேப் வாஸ் அடிகளார். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1687இல் இலங்கை வந்த அவர், கழுத்தில் செபமாலையுடன் யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை ஏற்று, இறைமக்களை இனங்கண்டார். 1692இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று சிறைப்பட்டார். 1697இல் பெரியம்மை பரவியது. நோயுற்றோரை உறவினரே கைவிட்டனர். அடிகளாரோ சமயம் பாராது அவர்களைத் தேடிச் சென்று, கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். தம்மைச் சிறையிட்ட நகரையும் 'எங்கள்' என்னும் சொல்லுக்குள் அடக்கிக்கொண்டார். 1711இல் கண்டியிலேயே உயிர்நீத்த அவரை, 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக உயர்த்தினார்.

நம் இல்லங்களிலும் செபமாலை ஒலிக்கிறது. ஐம்பது மணிச் செபமாலையில் ஒவ்வொரு மாலையும் ஐந்து முறையேனும் 'எங்கள் தந்தையே' என்கிறோம். ஆயினும் பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டின் பங்குக்காக அண்ணனோடு பேசாத தம்பி உண்டு. திருமணத்தில் நேர்ந்த மனத்தாங்கலால் தங்கையின் படலையை மிதிக்காத அக்கா உண்டு. இருவரும் அழைப்பது ஒரே தந்தையை அன்றோ?

இன்று மாலை பெரிய மணியில் விரல் படும்போது சற்றே நிறுத்துங்கள். நீங்கள் வெளியே நிறுத்தியுள்ளவரின் பெயரை இறைவனிடம் சொல்லுங்கள். செபம் முடிந்ததும் அவரை அழையுங்கள். முதற் சொல் உங்களுடையதாக இருக்கட்டும்.