உங்களுக்குத் தெரியுமா? துண்டான விரலை ஐஸில் போடக் கூடாது!

திருவக்கரையிலிருந்து மரக்காணம் கடலுக்குப் போய்ப் படகேறுகிறவர்கள் அவசியம் அறிய வேண்டியது இது. படகின் விசிறியிலோ இறுகிய கயிற்றிலோ சிக்கி விரல் துண்டானால், அதை நேராக ஐஸில் போடாதீர்கள். சதை உறைந்து கெட்டுவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். காயத்தை அழுத்திக் கட்டி, பையோடு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இப்படிக் காயமடைந்த கைகளைச் சீராக்க, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே 1971இல் தனிப்பிரிவைத் தொடங்கியவர் மருத்துவர் ஆர். வெங்கடசாமி. உழைப்பாளிகளின் கைகளுக்கு அவர் செய்தது பெரும் தொண்டு.

அறுவைச் சிகிச்சையோடு எல்லாம் முடிந்துவிடாது. தைத்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் அறுந்திருந்தால், விரல்நுனியில் உணர்ச்சி திரும்ப ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். மரத்துப்போன விரலைச் சூடான பாத்திரத்திலிருந்து காப்பதும், பிசியோதெரபியை விடாமல் செய்வதும் அதுவரை கட்டாயம்.