சுண்ணாம்புக் கூட்டுக்குள் ஒரு வண்டு

நெய்வேலி நகரியத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். குவார்ட்டர்ஸ் கொல்லையில் நிற்கும் முந்திரி மரத்தின் அடியில் பிசின் வழிகிறதாம், ரம்பத்தூள் போல ஏதோ உதிர்ந்து கிடக்கிறதாம். இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன, கவலைப்பட வேண்டுமா என்று கேட்கிறார். கட்டாயம் கவலைப்பட வேண்டும். ஆனால் இலை பச்சையாக இருக்கும்போதே பார்த்துவிட்டார் என்பது பெரிய விஷயம்.

ஆசாமி யார் என்பதில் சந்தேகமில்லை. முந்திரித் தண்டு, வேர்த் துளைப்பான். புளோசீடரஸ் ஃபெருஜினியஸ் என்பது அறிவியல் உலகில் பழகிய பெயர். செம்பழுப்பு நிறத்தில், நீண்ட உணர்கொம்புகளோடு இருக்கும் வண்டு. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரிக்காட்டுக்காரர்களுக்கு மரத்தைப் பற்றி நான் சொல்ல எதுவுமில்லை. வண்டுக்கும் மரத்துக்கும் உள்ள உறவுதான் வேடிக்கையானது.

மரம் துளைக்கும் வண்டுகளில் உலகை மிரட்டியவை பெரும்பாலும் அயலூரிலிருந்து வந்தவை. 2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை வண்டு, கிழக்காசியாவிலிருந்து சரக்குப் பெட்டிகளின் மரக்கட்டையில் ஒளிந்து போயிருக்கும் என்கிறார்கள். அங்குள்ள ஆஷ் மரங்களுக்கு அதைப் பற்றிய முன் அனுபவமே கிடையாது. எதிர்க்கத் தெரியாமல் கோடிக்கணக்கில் செத்தன. நம் கதையில் வண்டு உள்ளூர், மரம்தான் விருந்தாளி. பிரேசில் நாட்டு முந்திரியை 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தார்கள். இங்கே முன்பே குடியிருந்த வண்டு, புதிதாக வந்த மரத்தைச் சுவை பார்த்துப் பிடித்துக்கொண்டது.

மரத்தைத் தேடிப் பிடிக்க அதற்கு மூக்கு போதும், அதாவது உணர்கொம்பு. ஏற்கெனவே புழு குடைந்த மரத்தின் சக்கையும் பிசினும் கலந்த வாடை, முட்டையிட இடம் தேடும் பெண் வண்டுகளை இழுக்கிறது. அதனால்தான் அடிபட்ட மரமே மேலும் மேலும் அடிபடுகிறது. வயதான மரம், பட்டை வெடித்த மரம், வேர் வெளியே தெரியும் மரம் எல்லாம் அதற்கு வசதி. இன்னொரு வகைத் துளைப்பான்கள் இருக்கின்றன, மரத்துக்குள் பூஞ்சை பயிரிட்டுத் தின்பவை. அவை எத்தனால் வாடைக்கு வரும். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினால் மரம் எத்தனாலைக் கசியவிடும். அந்த வண்டுகளைப் பிடிக்க ஆய்வாளர்கள் சாராயப் பொறிதான் வைக்கிறார்கள்!

நாம் என்ன செய்கிறோம்? மரத்தைச் சுற்றி சிமென்ட் மேடை கட்டுகிறோம், தண்டில் ஆணி அடிக்கிறோம், சருகைக் கூட்டி அதன் அடியிலேயே கொளுத்துகிறோம். பட்டை வெடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? மேடை கட்டிவிட்டால் அடியில் தூள் விழுவதும் கண்ணில் படாது.

முந்திரி வண்டு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள், பட்டை இடுக்கில் அரிசி போன்ற முட்டையை வைக்கும். பொரித்த புழு பட்டைக்கு அடியில் கோணல்மாணலாகச் சுரங்கம் போடும். இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் பாதை அங்கேதான் இருக்கிறது; அது அறுந்துபோகிறது. ஆனால் மேலே பச்சை குறையாது. என் அப்பா ஓய்வுபெற்ற புதிதில் எங்கள் வீட்டிலும் எந்தச் செலவும் குறையவில்லை, பி.எஃப். பணம் கரைந்த பிறகுதான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. வேரின் கையிருப்பு தீர்ந்த பிறகே இலை மஞ்சளாகிறது.

எனக்கு இந்த வண்டில் மிகவும் பிடித்தது அதன் கூடு. முழுதாக வளர்ந்த புழு விரல் நீளம் இருக்கும். கூட்டுப்புழுவாகும் காலம் வந்ததும் கட்டைக்குள்ளோ வேருக்குள்ளோ புகுந்து ஒரு அறை குடையும். பட்டுப்புழு போல நூல் நூற்பதில்லை. தன் உடம்புக்குள் சேர்த்துவைத்த கால்சியம் கார்பனேட்டைக் கொண்டு தன்னைச் சுற்றி வெள்ளை ஓடு கட்டிக்கொள்கிறது. மரத்தைத் தின்று வளர்ந்த ஜீவன் சுண்ணாம்பு வீட்டில் தூங்குகிறது. காலி ஓடு கிடைத்தால் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைக்கும். வண்டாக மாறிய பிறகும் உடனே வெளியே வராமல் சில காலம் உள்ளேயே அசையாமல் கிடக்கும். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறும் மாதங்களில்தான் அதன் நடமாட்டம் அதிகம்.

துளையில் மண்ணெண்ணெய் ஊற்றுவது வீண் வேலை. சக்கை அடைத்த வளைந்த சுரங்கத்தில் அது புழுவை எட்டாது. உளியால் பட்டையைச் சுரங்கத்தின் போக்கிலேயே சீவி, புழுவைக் கையால் எடுக்க வேண்டும். தேவைக்கு மேல் செதுக்கக் கூடாது. பிறகு 5 சதவீத வேப்ப எண்ணெய்க் கரைசலைத் தண்டிலும் வெளித்தெரியும் வேரிலும் பூசலாம். தாரும் மண்ணெண்ணெயும் கலந்து ஒரு மீட்டர் உயரத்துக்குப் பூசுவது பழைய தடுப்பு முறை. வேப்பம் பிண்ணாக்கோடு மெட்டாரைசியம் பூஞ்சையை மண்ணில் இடுவதும் உண்டு. மருந்து பற்றி விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது, கடைக்காரரிடம் அல்ல. ஆனால் தண்டின் சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை போயிருந்தாலோ, இலை மஞ்சளாகிவிட்டாலோ அந்த மரம் பிழைக்காது.

அப்படிப்பட்ட மரத்தை மனம் வராமல் அப்படியே நிறுத்தி வைப்பவர்கள்தான் அதிகம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரிக்காடுகளைச் சாய்த்துப் போட்டதை நேரில் பார்த்தவர்களுக்கு, நிற்கிற மரத்தை வெட்டக் கை வராதது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனாலும் வெட்டத்தான் வேண்டும். வேர்த்தூரையும் தோண்டி எடுக்க வேண்டும். வெட்டியதை விறகாக்கி அடுத்த மரத்தின் நிழலில் அடுக்கி வைப்பதில் பயனில்லை. வெள்ளை ஓடுகள் அந்தக் கட்டைகளுக்குள்ளும் இருக்கும். வண்டு வெளியே வரும் காலத்துக்கு முன்பே பிளந்து அடுப்பெரித்துவிடுங்கள்.